எண்ணெய் குடித்த தோல்முனை

எங்கள் சங்கத்தின் பில்லியர்ட்ஸ் கூடத்துக்குச் சென்ற மாதம் ஓர் இயந்திரம் வந்திருக்கிறது. கோலை அதன் வாயில் செருகிப் பொத்தானை அழுத்தினால், நுனியில் ஒட்டிய தோலின் ஓரத்தைச் சீவி, மேற்புறத்தில் வட்டம் பிடித்துத் தந்துவிடுகிறது. நான் ஓய்வு பெற்றபின் என் இடத்தில் மார்க்கராக இருக்கும் பிரபு என்னை அழைத்துப்போய்க் காட்டினார். வேலை மிக நேர்த்தி. இயந்திரம் எந்தத் திசையில் சீவுகிறது, தோலின் நார் எந்தப் பக்கம் சாய்கிறது என்று நெடுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "இதால முடியாத வேல ஏதாச்சும் இருக்குதா ஐயா?" என்று பிரபு கேட்டார். எனக்கு ஒரு கோல் நினைவுக்கு வந்தது. அதன் கதையைச் சொன்னேன். ஆண்டு மலருக்கு எழுதிக் கொடுங்கள் என்றார். அந்தக் கோலுக்கு உரியவளும் அவள் தந்தையும் சம்மதித்த பின்பே எழுத அமர்ந்திருக்கிறேன்.

மார்க்கர் என்பவன் ஆட்டப் புள்ளிகளைச் சொல்லுவான், மேசைத் துணியைத் துலக்குவான், கோல்களைப் பேணுவான். இவற்றுள் என்னை வாழ்நாள் முழுதும் வியப்பில் வைத்தது கோலின் நுனி. கோலின் முனையில் ஒரு பூண் இருக்கும். பூணின் மேல் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு தோல்வட்டம். அத்தனை நீளக் கோலில் பந்தைத் தொடுவது அந்தத் தோல் மட்டுமே. தொடும் நேரமோ இமைப்பொழுதிலும் குறைவு. பந்து முன்னே ஓடுமா, நின்றுவிடுமா, எய்தவனிடமே திரும்பி வருமா என்பதெல்லாம் அதற்குள் முடிவாகிவிடுகிறது.

நான் ஓதி வளர்ந்த பதிகங்களில் இறைவன் யானைத் தோலைப் போர்த்திருப்பான், புலித்தோலை அரைக்கசைத்திருப்பான். ஆகையால் தோலில் கைவைக்க எனக்கு ஒருநாளும் கூச்சம் இருந்ததில்லை. என்னைத் தடுமாற வைத்தது எச்சில்.

அதைச் சொல்ல வேண்டுமானால் மொசியே கிளேமானைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியத்துடன் ஊர் திரும்பிய தமிழர் அவர். அப்போது கூடத்துக்கு அவரே பொறுப்பாளர். நான் வேலைக்குச் சேர்ந்த தொடக்க ஆண்டுகளை அவர் அருகில் நின்று பார்த்தே கழித்தேன். நுனித் தோலை எல்லாரும் டிப் என்றால், அவர் மட்டும் பிரெஞ்சில் 'ப்ரொசெதே' என்பார். ஒருவர் குறை சொல்லிக் கோலைக் கொண்டுவந்தால் உடனே வாங்கமாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, எந்தப் பந்தை, எந்த மூலையிலிருந்து, எப்படி அடித்தபோது வழுக்கியது என்று முழுவதும் கேட்பார். பிறகு கோலை வாங்கிச் சன்னல் வெளிச்சத்தில் நுனியைத் திருப்பிப் பார்ப்பார்; விரல் நகத்தால் தட்டிக் காதருகே கேட்பார்; கடைசியில் முகர்ந்து பார்ப்பார். இந்த வரிசை மாறியதே இல்லை. கோலைத் தொடும் முன்பே விடை தெரிந்துவிட்டாலும் நான்கையும் செய்துதான் தீருவார்.

தோல் மாற்றுவது அவர் கையில் ஒரு பூசைபோல நடக்கும். பழைய தோலைச் சீவி எடுத்தபின், பூணின் முகத்தைக் கண்ணாடிப் பலகைமேல் விரித்த உப்புத்தாளில் மெல்லத் தேய்த்துச் சமமாக்குவார். புதிய தோலின் அடியையும் அவ்வாறே தேய்த்துச் சற்றுச் சொரசொரப்பாக்குவார். பசை மெல்லியதாக இருக்க வேண்டும். மிகுந்தால் தோலுக்கும் பூணுக்கும் நடுவே அதுவே ஒரு மெத்தையாகிவிடும். ஒட்டியபின் அழுத்திக் கட்டி ஓரிரவு அப்படியே விட்டுவிடுவார். மறுநாள் கோலைத் தலைகீழாகப் பலகையில் ஊன்றி, பூணுக்கு வெளியே நீட்டிய தோலைக் கூரிய கத்தியால் சுற்றிலும் நறுக்குவார். பின்பு தோலின் பக்கச் சுவரை நனைத்து, முரட்டுத் துணியால் சூடு ஏறும்வரை உருட்டித் தேய்ப்பார். சுவர் இறுகி, கறுத்து, கண்ணாடிபோல மின்னும். அடிபட்டாலும் தோல் பக்கவாட்டில் பிதுங்காமல் காப்பது அந்தச் சுவர்தான். மேற்புறம் ஒரு பழைய பிரெஞ்சு நாணயத்தின் விளிம்போடு வைத்துப் பார்த்து வளைவு பிடிக்கப்படும். முடிவில், பந்தில் வழுக்காமலிருக்க நுனியில் பூசும் சாக் மாவு பற்றிக்கொள்வதற்காக அரத்தால் மேலே லேசாகக் கொத்திவிடுவார்.

சுவரை அவர் நனைத்தது எச்சிலால். நாவில் விரலைத் தொட்டுத் தோலில் தடவுவார். கோயிலுக்குப் போய்விட்டு நீறணிந்து வரும் எனக்கு அது ஒப்பவில்லை. தண்ணீர் தொட்டுச் செய்யலாமா என்று தயங்கியபடி கேட்டேன். அவர் சினந்துகொள்ளவில்லை. ஆர்வத்தோடு நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "ஒண்ணு எச்சில்ல செய்வோம், ஒண்ணு தண்ணில செய்வோம். எது மொதல்ல பிதுங்குதுன்னு பாத்துட்டு உங்க சாமிகிட்ட போய்ச் சொல்லுவோம்" என்றார். இரு கோல்களுக்கும் அடையாளம் வைத்து ஒரு பருவம் முழுதும் ஆடக் கொடுத்தோம். தண்ணீர் சற்று மிகுதியாகப் பரவித் தோலின் உள்ளே இறங்குகிறது என்று தெரிந்தது. ஈரத் துணியை நன்கு பிழிந்து தொட்டால் வேறுபாடு இல்லை என்பதும் தெரிந்தது. அதன்பின் கூடத்தில் ஈரத் துணிக்கும் ஓர் இடம் கிடைத்தது. அவரோ தம் கோலுக்கு மட்டும் கடைசிவரை எச்சிலையே தொட்டார்.

அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின், என் பணியின் இறுதிப் பகுதியில், ரேவதி வந்தாள்.

கடலோரக் குப்பத்துப் பெண். எங்கள் ஊரை ஒட்டிய மேட்டுப்பாளையத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. பந்துகளைக் குழிகளில் விழுத்தும் பூல் ஆட்டத்தில் அவளுக்கு இயல்பாகவே ஒரு நிதானம் உண்டு. மாநில மகளிர் அணிக்கான தேர்வு எங்கள் கூடத்தில் நடக்க இருந்தது. அவள் தந்தை ஏழுமலை மீன்பிடி படகு வைத்திருப்பவர். இந்த வருடம் அணியில் பெயர் வராவிட்டால் கோலைக் கட்டி வைத்துவிட வேண்டும், பிறகு கலியாணப் பேச்சைத் தவிர வேறு பேச்சு இல்லை என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இதை அவளே என்னிடம் ஒருமுறை, யாரோ ஒருத்தியின் செய்தியைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

அவள் கோலின் தோல் கெட்டுக்கொண்டே இருந்தது. பயிற்சி நாட்களில் ஒரு குறையும் இராது. போட்டி நாளில்தான் வழுக்கும். சாக் எவ்வளவு பூசினாலும் நிற்காது. பந்தின் ஓரத்தில் கோல் சறுக்கிக் 'கிளிக்' என்று கேட்கும் அந்தச் சத்தத்துக்குக் கூடமே திரும்பிப் பார்க்கும். அடுத்த சில நாட்களில் தோல் பூணைவிட்டுக் கழன்றே போகும். நான் வேறு தோல் ஒட்டுவேன். அதுவும் அடுத்த போட்டியோடு அப்படியே ஆகும். கூடத்துக்கு நாள்தோறும் வரும் மரக்கடைக்காரர் ஒருவர், "பசை டப்பாவ கழுத்துல கோத்துக்கம்மா, தேடற வேல மிச்சம்" என்றார். அவளும் சிரித்துவிட்டு, "நீங்க அடிக்கிற அடிக்கு உங்களுக்கு ஒரு டப்பா பத்தாதுண்ணா" என்றாள்.

எனக்கு அது ஓயாத சிந்தனை ஆகிவிட்டது. கடற்காற்றின் ஈரமோ என்றால் மற்றக் கோல்களும் அதே காற்றில்தானே இருக்கின்றன? பசையை மாற்றினேன். எருமைத் தோலுக்குப் பதில் பன்றித் தோலும், அடுக்கடுக்காக ஒட்டிய தோலும் வைத்துப் பார்த்தேன். போட்டி நாளில் பதற்றத்தால் உள்ளங்கை வியர்க்குமோ என்று கேட்டேன். அடுத்த போட்டியன்று கையைக் காட்டினாள், உலர்ந்தே இருந்தது. மொசியேவின் வரிசை மாறாமல் கேட்டேன், பார்த்தேன், தட்டினேன், முகர்ந்தேன். நல்லெண்ணெய் வாசம் வந்தது. அது என் விரலிலிருந்து வருவதாகவே எண்ணிவிட்டேன். தினமும் காலையில் கோயில் விளக்குக்குத் திரி இட்டுவிட்டே வேலைக்குப் போகிறவன் நான். அந்த வாசம் என்னை விட்டு நீங்கியதே இல்லை.

கடைசியில் வழிகாட்டியது நிறம். கழன்று வந்த தோல் ஒன்றை, உள்ளே என்னதான் நடக்கிறது என்று பார்க்கக் குறுக்காக வெட்டினேன். மேல்விளிம்பு பச்சையாக இருந்தது. எங்கள் கூடத்தில் நீலச் சாக் மட்டுமே உண்டு. அவளும் அதையே பூசுகிறவள். பச்சை எங்கிருந்து வந்தது? இன்னும் கீழே மெல்லச் சீவினேன். நீலம் எட்டாத ஆழத்தில் தோல் மஞ்சளாக இருந்தது. விரலில் தேய்த்தேன், பிசுபிசுத்தது. நீலத்தோடு சேர்ந்து பச்சையாகும் மஞ்சள், எண்ணெயில் குழைத்த மஞ்சள். அப்போது நான் அடைந்த மகிழ்ச்சியைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. விடை தெரிந்த மகிழ்ச்சி அது. அதன் பின்னால் இன்னொரு கேள்வி நிற்பதை உடனே நான் காணவில்லை.

மறுநாள் ரேவதி வந்ததும் வெட்டிய தோலைக் காட்டி, இதில் மஞ்சள் பூசியது யார் என்று கேட்டேன். அவள் வியப்படையவில்லை.

"அப்பாதாங்க ஐயா" என்றாள்.

அவளுக்கு முதலிலிருந்தே தெரியும். ஒவ்வொரு போட்டியன்றும் விடியுமுன் அவள் தந்தை எழுந்து, அம்மன் கோயில் விளக்கில் மிஞ்சிய நல்லெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துக் கோலின் நுனியில் பூசிக் கும்பிட்டுவிட்டு, ஒன்றும் அறியாதவர்போல் வெளியே போய்விடுவார். அவள் உறங்குவதுபோலப் படுத்துக் கிடந்து அதைப் பார்ப்பாள். மேலே தெரியும் பொட்டை ஆட்டத்துக்குமுன் சாக் மூடிவிடும். உள்ளே இறங்கிய எண்ணெயை எதனாலும் மூட முடியாது.

சொல்லியிருக்கலாமே என்றேன்.

"இந்த ஆட்டத்தப் பத்தி எங்கப்பா எங்கிட்ட ஒரு வார்த்த நல்லதா பேசனதில்ல. ஆம்பளைங்க நடுவுல குச்சியப் புடிச்சிக்கினு நிக்கிறான்னுதான் சொல்வாரு. அவரு எனக்காக செய்யறது இது ஒண்ணுதான். இத வேணாம்னு நான் எப்பிடி சொல்லுவேன்?" கோலின் பூணைத் தடவினாள். "எண்ணெ தாங்கற தோலு எங்கனாச்சும் இருக்குதா ஐயா? இருந்தா அதையே போட்டுருங்க. நான் பழகிக்கறேன்."

அவள் கேட்டதை நான் சிரித்துத் தள்ளவில்லை. வீட்டில் சிறு கிண்ணங்களில் நல்லெண்ணெய் ஊற்றி, கைக்குக் கிடைத்த தோல்வகை அனைத்தையும் ஊறவைத்தேன். என் மனைவி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "இது என்னா, ஊறுகாயா? சாதத்துக்குத் தொட்டுக்கப் போறீங்களா?" என்று கேட்டாள். எருமைத் தோல் உப்பியது. பன்றித் தோல் மேலே பளபளப்பேறி வழுக்கியது. அடுக்குத் தோல் அடுக்குவிட்டுப் பிரிந்தது. பிசினால் செய்த கடின முனை ஒன்று உண்டு. எண்ணெய் அதில் இறங்காது. ஆனால் அது பந்தைப் பற்றாது. பந்தைப் பின்னே இழுத்துவரும் அவளுடைய அடி அதில் எடுபடாது. எண்ணெய் தாங்கும் தோல் ஒன்றைக்கூட நான் காணவில்லை.

இரண்டு துண்டாகப் பிரியும் கோல் என்பதால் முன்பாகத்தை மட்டும் இன்னொன்று வாங்கி, வீட்டில் ஒன்று, கூடத்தில் ஒன்று என வைத்துக்கொள்ளலாம் என்று பிரபு யோசனை சொன்னார். அப்போது அவர் என் உதவியாளர். யோசனை சரிதான். ஆனால் ஒருவன் இருட்டில் எழுந்து மனமுருகிச் செய்யும் வழிபாட்டை, ஆட்டத்துக்கு வராத ஒரு கோலுக்குச் செய்யவைப்பதற்கு என் மனம் இடம் தரவில்லை. ரேவதியும் வேண்டாம் என்றாள். தன் தந்தையிடம் என்னையே பேசச் சொன்னாள். தேர்வுக்கு அதிக நாள் இல்லை.

ஏழுமலையைக் கடற்கரையில் பார்த்தேன். படகின் நிழலில் உட்கார்ந்து வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார். என் நெற்றியைப் பார்த்து, "வாங்க சாமி" என்று துண்டை விரித்து உட்காரச் சொன்னார். அவர் படகின் முன்முனையில் மஞ்சளும் குங்குமமும் காய்ந்திருந்தன. அந்த முன்முனையை அவர்கள் அணியம் என்பார்கள், பின்முனை அமரம். கடலுக்குப் புறப்படும்போது பூசை அணியத்துக்குத்தான். அலையை முதலில் சந்திப்பது அதுவல்லவா? கோலின் நுனியில் ஏன் மஞ்சள் வந்தது என்று அங்கேயே எனக்கு விளங்கிவிட்டது.

வந்த காரியத்தைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை.

"மரத்துக்கு எண்ணெ காட்டனாதான் சாமி உசுரு. கட்டுமரம் இருந்த வரைக்கும் நான் எண்ணெ போடாத நாளு கெடையாது. இப்ப எல்லாம் பைபரு படகு. ஊட்டுல எண்ணெ கேக்கற மரம்னு அவ கோலு ஒண்ணுதான் இருக்குது."

நுனியில் இருப்பது மரம் அல்ல, தோல் என்றேன். பையிலிருந்து வெட்டிய துண்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். பச்சை விளிம்பையும் அதன் கீழ் மஞ்சளையும் காட்டி, எண்ணெய் இறங்கினால் சாக் நிற்காது, பசை விட்டுவிடும் என்று விளக்கினேன். அவர் அதைப் பெருவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

"அப்ப அவ வழுக்கி உட்டதெல்லாம் என்னாலதானா?"

பொய் சொல்ல எனக்கு வரவில்லை. எல்லாம் அல்ல, சில என்றேன்.

வலை ஊசி சற்று நேரம் ஓடியது. பிறகு தலையைத் தூக்காமலே, "அவளுக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியும். தெரிஞ்சுதான் தொடைக்காம ஆடியிருக்கா."

ஊசி நின்றுவிட்டது. அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.  அடியார் ஒருவர் அன்பினால் தவறாகச் செய்ததையும் இறைவன் உவந்து ஏற்றான் என்று ஓதும்போது, ஏற்றவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை. இங்கே ஒரு பெண் ஏற்றிருக்கிறாள், ஏற்றுத் தோற்றிருக்கிறாள்.

"வெறுங்கோலாவா அனுப்பறது? அதெப்படி சாமி?" என்றார் ஏழுமலை.

கை பிடிக்கும் அடிப்பகுதியில் வையுங்களேன் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அமரத்துக்கா? பின்பக்கத்துக்குப் பூச போட்டுட்டு எவன் சாமி கடலுக்குப் போயிருக்கான்?" என்றார்.  இனி எண்ணெய் வைக்கமாட்டேன் என்று மட்டும் சொன்னார். அந்தக் குரல் எனக்கு நிறைவு தரவில்லை. ஒருவர் கையிலிருந்து ஒன்றை வாங்கிக்கொண்டு, ஈடாக எதையும் தராமல் எழுந்து வந்தவன்போலத் திரும்பினேன்.

ரேவதியின் கோலுக்குப் புதிய எருமைத் தோல் ஒட்டினேன். பூணுக்குள் இருக்கும் மரத்திலும் பழைய எண்ணெய் ஏறியிருந்ததால் அதைத் தேய்த்து நீக்கவே ஒரு பொழுது ஆயிற்று. தோல் இறுகும்படி தேர்வு வரைக்கும் அவள் அதிலேயே பயிற்சி செய்தாள்.

தேர்வு நாளன்று கூடத்தில் நல்ல கூட்டம். முதல் ஆட்டம் தொடங்குமுன் வாசலில் ஒரு சலசலப்பு. சலவை வேட்டியும் சட்டையுமாக ஏழுமலை நின்றிருந்தார். செருப்பை வெளியே கழற்றிவிட்டிருந்தார். அதுவரை அந்தக் கூடத்தில் யாரும் செருப்பைக் கழற்றியதில்லை. ரேவதி அவரைப் பார்த்தாள். நான் அழைத்து வந்து சுவரோரம் ஒரு நாற்காலியில் உட்காரவைத்தேன். அவர் உட்கார்ந்த சிறிது நேரத்திலேயே எழுந்து என்னிடம் வந்தார். நான் அப்போது ரேவதியின் கோலைக் கையில் வைத்து நுனியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்த நீல மாவு எதுக்கு சாமி?"

"தோலு பந்தப் புடிக்கறதுக்கு. இது இல்லாம கோலு மேசைக்குப் போகாது."

"யாரு வேணா வைக்கலாமா?"

நடுவரைப் பார்த்தேன். ஆட்டம் இன்னும் தொடங்கவில்லையே, வைக்கட்டும் என்று தலையசைத்தார். சாக் கட்டியை ஏழுமலையிடம் கொடுத்தேன். அவர் கோலை நெஞ்சருகே நிமிர்த்திப் பிடித்து, நுனியைச் சுற்றி மெல்ல மெல்லப் பூசினார். ஓர் இடமும் விடாமல், ஓர் இடத்திலும் அழுத்தாமல் பூசினார். உதடுகள் அசைந்தன. முடித்ததும் இரு கைகளிலும் கோலை ஏந்தி மகளிடம் நீட்டினார். அவளும் இரு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். பிறகு விரலில் ஒட்டியிருந்த மிச்சத்தை, பூசை முடிந்து எவரும் செய்வதுபோல, தம் நெற்றியில் இட்டுக்கொண்டார்.

கூடத்தில் சிலர் சிரித்தார்கள். மரக்கடைக்காரர் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு வந்து, நெற்றியில் நீலம் ஒட்டியிருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தார்.

"இருக்கட்டும்ணா" என்றாள் ரேவதி.

அவர் கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டார். என் நெற்றியில் வெள்ளை, ஏழுமலை நெற்றியில் நீலம் என்று நாங்கள் இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்தோம். அவருக்கு ஆட்ட விதிகள் தெரியாது. பந்து குழியில் விழுந்தால் நல்லதா என்று ஒருமுறை கேட்டார். எந்தப் பந்து என்பதைப் பொறுத்தது என்றேன். அதன்பின் அவர் பந்துகளைப் பார்க்கவில்லை, நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி ஆட்டத்தில் ரேவதி நீளவாட்டில் ஓர் அடி அடித்து வெள்ளைப் பந்தை மேசையின் மறுமுனையிலிருந்து தன்னிடமே இழுத்து வந்தாள். தோல் பற்றியது. சத்தம் சுத்தமாக இருந்தது.

அன்று மாலை அணியின் பெயர்கள் வாசிக்கப்பட்டன. அவள் பெயர் கடைசியாக வந்தது, ஆனாலும் வந்தது.   வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிய ஏழுமலை திரும்பி என்னிடம் வந்தார்.

"சாமி, அந்த நீலத்துல ஒரு கட்டி குடுங்க. வெளக்கு மாடத்துல வச்சிருக்கேன். அடுத்த ஆட்டத்துக்கு வேணுமில்ல."